‘ஃபார்மேட் அடிச்சிடலாமா டீச்சர்?’ என்று கேட்பதற்கு முன்

2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், நின்றபோது, கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடையில் இருந்த தம்பி திரையை ஒரு பார்வை பார்த்தார். “ஃபார்மேட் அடிச்சிடலாமா டீச்சர்? சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது என்று தைரியமாகச் சொன்னேன். சாயங்காலம் புது விண்டோஸ் 10 போட்டுப் பளிச்சென்று வீடு வந்து சேர்ந்தது. டி டிரைவ் அப்படியே இருந்தது. அதிலிருந்த ஒரு கும்பாபிஷேக நோட்டீஸைத் திறந்தேன். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல்.

அந்தத் தம்பி மேல் தப்பில்லை. அவர் கேட்டார், நான் தெரியாமல் பதில் சொன்னேன். ஃபான்ட் எல்லாம் சி டிரைவில் இருக்கிறது என்பதும், டெஸ்க்டாப் என்று நாம் பார்க்கிற திரையே சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர்தான் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்த இரண்டு வருட ரசீதுக் கணக்கு போனது போனதுதான்.

நான் காரைக்குடியில் 22 வருடம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள். யளனகபக, யளனகபக என்று எத்தனையோ பிள்ளைகளின் விரல்களைப் பழக்கியிருக்கிறேன். இப்போது பயிலகம் இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு லேசர் பிரிண்டரும் இருக்கின்றன. கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள் என்று வேலை வரும். 2016-இல் அசெம்பிள் பண்ணிய மிஷின். இன்டெல் ஐ5, ஆறாவது தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிகிறது என்ற செய்தி வந்ததும் பெங்களூரில் இருக்கிற மகன், “அம்மா, அதைத் தூக்கிப் போட்டுட்டு புது லேப்டாப் வாங்கிக்கோ” என்றான். அவனுக்கு அது ஒரு வரி. இந்த முறை கடைக்குப் போகாமல், நான்கு மாதம் எடுத்துக்கொண்டு நானே மாற்றினேன். எப்படிச் செய்தேன் என்பதை, என்னைப் போல வீட்டுக் கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

எந்த மென்பொருள் நல்லது என்று யாரையும் கேட்பதற்கு முன், 40 பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என்ன செய்தாலும் அதில் எழுதுங்கள். ‘வாட்ஸ்அப்பில் வந்த பத்திரிகை மேட்டரை எடுத்து பேஜ்மேக்கரில் (பக்கம் அமைக்கிற பழைய மென்பொருள்) திரும்ப அடித்தேன்’, ‘வினாத்தாள் பிரிண்ட், 40 படி’, ‘பேங்க் ஸ்டேட்மென்ட் இறக்கினேன்’, ‘ஆதார் நகல் ஸ்கேன்’ என்று சின்னதையும் விடாமல் எழுத வேண்டும். வாரத்தில் ஒரு முறை மட்டும் வருகிற வேலைதான் பின்னால் காலை வாரும். மாதத்தில் ஒரு முறை வருவதையும் வருடத்தில் ஒரு முறை வருவதையும், வருமான வரி மாதிரி, நினைவிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரக் கடைசியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் புரோகிராம், எந்த ஃபான்ட், எந்தச் சாதனம் என்று எழுதுங்கள். எனக்கு வந்த கணக்கு இது: 31 வரியில் 20 வரி பிரவுசர் மட்டும் இருந்தால் போதும். 6 வரிக்கு வேர்டும் எக்ஸெலும். 3 வரி பிரிண்டரும் ஸ்கேனரும். பாக்கி 2 வரிதான் பேஜ்மேக்கர். ஆனால் என் வருமானத்தில் பாதி அந்த 2 வரியில்தான் வருகிறது. ‘புதுசு வாங்கிக்கோ’ என்று சொல்கிறவர்கள் 29 வரியைப் பார்த்துச் சொல்கிறார்கள். நாம் அந்த 2 வரியைப் பிடித்துக்கொண்டு யோசிக்க வேண்டும். உங்கள் நோட்டில் அந்த வரி டேலியாக இருக்கலாம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனாக இருக்கலாம், பிள்ளையின் ஆன்லைன் தேர்வு மென்பொருளாக இருக்கலாம். அதைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

என் தம்பி மகன் தேவகோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். அவன் நோட்டில் சிவப்பு வட்டம் டேலிக்குத்தான். அப்படியானால் பேச்சே இல்லை, விண்டோஸிலேயே இருக்க வேண்டியதுதான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் பற்றி நான் பின்னால் சொல்வதை அவன் படிக்கவே வேண்டாம்.

வீடு காலி செய்வது மாதிரி

மாற்றுவதற்கு முன் பழையதிலிருந்து எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்பதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். வெளியே செருகுகிற ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன், இன்னொரு பிரதியைப் பெரிய பென்டிரைவில் வைத்தேன். ஒரே பிரதியைக் காப்பு என்று சொல்லாதீர்கள். எடுத்து வைத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டி டிரைவ் எளிது, அப்படியே காப்பி. சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இருக்கும். அந்தப் பெயர் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். அடுத்தது ஃபான்ட். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். உங்களுக்கு எது எது வேண்டும் என்று பொறுக்கிக்கொண்டு உட்காராதீர்கள், எல்லாவற்றையும் அள்ளுங்கள். நான் வருடக்கணக்காகச் சேர்த்த பாமினி, வானவில், இன்னும் பெயரே மறந்துபோன கல்யாணப் பத்திரிகை ஃபான்ட்கள் எல்லாம் சேர்த்து ஒரு சினிமாப் பட அளவுக்குக்கூட வரவில்லை.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அடுத்து. ‘எனக்குத்தான் எல்லாம் தானா வருதே’ என்று இருப்பவர்களுக்கு, புது மிஷினில் எதுவும் தானாக வராது என்று அன்றைக்குத்தான் தெரியும். மின்னஞ்சல், வங்கி, ஈபி கட்டணம், கேஸ் என்று ஒவ்வொன்றிலும் வெளியே வந்து, பாஸ்வேர்டைக் கையால் அடித்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பழைய போன் நம்பருக்கு ஓடிபி போகிற கணக்கு ஒன்று எனக்கு இருந்தது. அதைச் சரி செய்யவே ஒரு முழு நாள்.

இனி பேஜ்மேக்கர். 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு, அதற்குப் பின் யாரும் அதை வளர்க்கவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் டிடிபி வேலை செய்கிறவர்கள் இன்னும் அதை விடவில்லை, நானும்தான். இப்படிப்பட்ட அனாதை மென்பொருள் ஒன்று உங்களிடம் இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கிற இன்றைக்கே அதிலிருக்கிற முக்கியமான ஃபைல்களையெல்லாம் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது பிரிண்டர் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்று விண்டோஸ் 10-இலேயே இருக்கும். அது சொதப்பினால் வேறு இலவச பிடிஎஃப் பிரிண்டர்கள் இருக்கின்றன. ஆக்கிய பிடிஎஃப்பை ஒரு முறை உங்கள் போனில் திறந்து பாருங்கள். போனில் பாமினி கிடையாது. அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் ஃபான்ட் பிடிஎஃப்புக்கு உள்ளேயே பொதிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் எந்தக் காலத்திலும் அந்த நோட்டீஸைப் படிக்கலாம். திருத்த முடியாது, ஆனால் பார்த்துத் திரும்ப அடிக்கலாம். 340 ஃபைலை ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக இப்படி மாற்றினேன்.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் இருக்கிற டிராவும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். திறக்கும் என்பது உண்மை, அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் மும்மடிப்புப் பத்திரிகையில் மணமகன் பெயர் மணமகளின் தாத்தா பெயர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

உங்கள் மிஷினுக்கு என்ன வழி

இப்போது மிஷினைப் பார்ப்போம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கிற பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (மிஷின் எழும்போது கள்ள மென்பொருள் நுழையாமல் தடுப்பது) ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ, ஏஎம்டி ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசை முதல். தலைமுறையைக் கண்டுபிடிக்க ஐ5 என்பதற்குப் பின்னால் வருகிற எண்ணைப் பாருங்கள். என்னுடையது 6500, அதாவது ஆறு. 8250 என்றிருந்தால் எட்டு. 10210 என்று ஐந்து இலக்கம் வந்தால் பத்து.

மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஆம், இல்லை என்று சொல்லும். ‘இல்லை’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஏன் இல்லை என்று கீழே இருக்கிற வரியைப் படியுங்கள். என் தம்பி மகனின் மிஷின் ரைசன் 3 3200ஜி, பட்டியலில் இருக்கிற சிப். ஆனாலும் இல்லை என்றது. காரணம், டிபிஎம் உள்ளே இருந்தும் பயோஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கிற செட்டிங்ஸில், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏஎம்டி போர்டில் அது எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், இன்டெல் போர்டில் பிடிடி. உள்ளே போய் எனேபிள் செய்ததும் சரியாகிவிட்டது. இந்த ஒரு சொடுக்கு தெரியாமல் அவன் புது மிஷினுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தான்.

பயோஸில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. லேப்டாப் என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லாக்கர்’ என்று தேடினால் தெரியும். பூட்டியிருந்தால், பயோஸில் ஏதாவது மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். வீட்டு லேப்டாப்பில் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதைத் தேடி எடுத்து நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போங்கள். எழுதும்போது ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்து எழுதினால் தப்பு வராது.

சிப்பே பழையது என்றால் மூன்று வழி இருக்கிறது. முதலாவது, விண்டோஸ் 10-இலேயே இன்னும் கொஞ்ச காலம் இருப்பது. வீட்டு உபயோகக்காரர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, 2026 அக்டோபர் 13 வரை. உங்கள் பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் காசு கிடையாது. இல்லையென்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். இதில் புது வசதி எதுவும் வராது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பார்கள், அவ்வளவுதான். என் நாத்தனாருக்கு இதைத்தான் செய்துகொடுத்தேன். அவருக்கு யூடியூப் சமையலும் பேரனோடு வீடியோ காலும் மட்டும்தான்.

இரண்டாவது, தகுதியில்லாத மிஷினில் விண்டோஸ் 11-ஐ வற்புறுத்தி ஏற்றுவது. இதற்கு வீடியோக்கள் ஏராளம். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட மிஷினுக்கு அப்டேட் தர வேண்டிய கடமை தங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. நாளைக்கு ஒரு அப்டேட் ஏறாமல் நின்றால், பத்திரிகை கேட்டு வாசலில் நிற்கிறவரிடம் நான் என்ன சொல்வது? வேலை செய்கிற மிஷினில் இது வேண்டாம்.

மூன்றாவது, விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுவது. நான் எடுத்தது அந்த வழிதான்.

பழைய டிஸ்க்கைத் தொடாமல்

என் மிஷின் மெதுவாக இருந்ததற்குக் காரணம் சிப் இல்லை, ஹார்டு டிஸ்க். சுழல்கிற பழைய டிஸ்க்கில் விண்டோஸ் 10 திறந்து முடிப்பதற்குள் நான் காபி போட்டு ஆற்றிக் குடித்துவிடுவேன். 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கினேன், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. இத்தனை வருடத்தில் கம்ப்யூட்டருக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியான செலவு அதுதான். புது மென்பொருள் எதுவும் வேண்டாம், வேகம் மட்டும் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் போட்டேன். ‘லினக்ஸா, அது இன்ஜினியர் பசங்க வேலையாச்சே’ என்றுதான் நானும் நினைத்தேன். அதில் எனக்குப் பிடித்தது, வாங்குவதற்கு முன் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது போலப் பார்க்கலாம். மின்டின் இணையதளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி ஃபைல் ஒன்றை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், காலி பென்டிரைவாகப் பாருங்கள். அதைச் செருகி, கம்ப்யூட்டர் எழும்போது எஃப்12, எஃப்11, எஃப்8 என்று உங்கள் போர்டுக்கு எதுவோ அந்தப் பொத்தானைத் தட்டி பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திறக்கும். இன்ஸ்டால் செய்யச் சொல்லாத வரை உங்கள் டிஸ்க்கில் எதையும் தொடாது.

அந்த நிலையிலேயே நோட்டை எடுத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்ட் வருகிறதா? என் பிரிண்டர் உடனே பிரிண்ட் அடித்தது, ஸ்கேன் மட்டும் ஆகவில்லை. அதைத் தெரிந்துகொண்டே மாறினேன், அதனால் ஏமாற்றம் இல்லை. போன் கேமராவில் ஸ்கேன் செய்துகொள்கிறேன். பென்டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இன்ஸ்டால் செய்கிற அன்று செய்த ஒரு காரியத்துக்காக என்னையே மெச்சிக்கொள்கிறேன். மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பழைய ஹார்டு டிஸ்க்கின் சாட்டா ஒயரை உருவி வைத்துவிட்டேன். உள்ளே புது எஸ்எஸ்டி மட்டும்தான். ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்று கேட்டபோது பயமில்லாமல் சரி என்று தட்ட முடிந்தது. எதை அழிக்கும்? அழிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. எல்லாம் முடிந்து மின்ட் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த பின் ஒயரைத் திரும்பச் செருகினேன்.

இப்போது மிஷினைப் போட்டால் மின்ட் வரும். பேஜ்மேக்கர் வேலை வந்தால் எஃப்12 தட்டிப் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பேன். பழைய விண்டோஸ் 10, பழைய ஃபான்ட், எல்லாம் விட்ட இடத்தில். ஒரே கட்டுப்பாடு, அதில் இணையம் கிடையாது. அந்தப் பக்கம் போகும் முன் நெட் ஒயரைக் கழற்றிவிடுவேன். ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து மின்டுக்குக் கொண்டுவந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கொஞ்சம் சுற்றுவழிதான். வாரத்துக்கு ஒரு முறை என்பதால் எனக்குச் சிரமமாக இல்லை.

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. அதுவரை இந்த மிஷின் தாங்கினால் சரி.

தமிழ் எங்கே போயிற்று

இதுதான் எங்கள் ஆட்களுக்கு உண்மையான தலைவலி. ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது.

பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்களில் அடித்தது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டு வைத்திருக்கிறோம். வேஷத்தைக் கலைத்தால் எம், கே, அரைப்புள்ளி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களையும் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்) தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. அதோடு டிஸ்கி என்று இன்னொரு குறியாக்கம் இருந்தது, இலங்கையில் பாமினி ஓங்கியிருந்தது. கடைசியில் 2010-இல்தான், எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற யூனிகோடு அரசுத் தரமானது. அதற்குள் நாங்களெல்லாம் பத்து வருடத்து ஃபைல்களை வேஷத்திலேயே அடித்துத் தள்ளிவிட்டோம்.

இதனால் என்ன தொல்லை என்றால், எக்ஸெலில் பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் அடுக்கும். மொய் நோட்டை அப்படி ஒரு முறை அடுக்கிவிட்டு, முருகேசனைத் தேடி அரை மணி நேரம் அலைந்திருக்கிறேன். தேடினாலும் அகப்படாது. வாட்ஸ்அப்பில் வருகிற தமிழ் யூனிகோடு, அதை பாமினியில் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும்.

பழையதை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. உரையை ஒட்டி, எந்தக் குறியாக்கம் என்று சொன்னால் யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்த ஃபைலில் கவனம். ஆங்கிலமாகவே அடித்த சொல்லையும் அது வேஷம் என்று நினைத்துத் தமிழாக மாற்றிவிடும். ஒரு பத்திரிகையில் மண்டபத்தின் ஆங்கிலப் பெயர், வாயில் நுழையாத தமிழ்ச் சொல்லாக மாறி நின்றது. அதனால் பத்தி பத்தியாக, தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். எல்லா ஃபைலையும் மாற்ற வேண்டும் என்று உட்காராதீர்கள். இனிமேலும் திருத்த வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும், மற்றதற்குத்தான் பிடிஎஃப் இருக்கிறதே.

அடுத்தது அடிக்கிற முறை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தமிழ்99 படியுங்கள். இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய். ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ எல்லாவற்றுக்கும் அப்படியே. தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது புத்திசாலித்தனமான அமைப்பு. விண்டோஸ் 10-இலேயே 2019-இல் அது உள்ளே வந்துவிட்டது, மொழிகளில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஆனால் என் விரலுக்கு வயது 58. அது யளனகபகவை விடாது. பழைய தட்டச்சு முறைக்கு விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் இருக்கிறது. மின்டில் மென்பொருள் மேலாளரைத் திறந்து ஐபஸ்-எம்17என் என்பதைத் தேடி நிறுவினால், தமிழுக்குக் கீழே தமிழ்99, டைப்ரைட்டர் என்று பல முறைகள் வரும். இதையும் பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போதே நிறுவிச் சோதிக்கலாம், கம்ப்யூட்டரை அணைத்தால் போய்விடும், அவ்வளவுதான். சோதிக்க ‘வணக்கம்’ என்று அடித்துத் திருப்திப்படாதீர்கள். கொம்பு வருகிற சொற்களை அடியுங்கள்: கொடை, கோமதி, மௌனம். தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால் சேமிக்கப்படும். ஒரு மென்பொருள் சறுக்குவதானால் அங்கேதான் சறுக்கும். எனக்குச் சில குறிகள் இடம் மாறியிருந்தன, ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஆபீஸும் மற்றவையும்

ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் விண்டோஸ் 10-க்கு முடிந்த அதே நாளில் ஆதரவு முடிந்தது. இனி வருடாவருடம் சந்தா கட்டுவதா, ஒரே முறை வாங்குவதா, இலவச லிப்ரே ஆபீஸா என்று கேட்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். உங்களிடம் இருப்பதிலேயே மிகச் சிக்கலான ஃபைலை எடுத்து லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். காலிப் பக்கத்தில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும். என் சோதனை ஃபைல் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள். கட்டம், பின்னம், இரண்டு பத்தி எல்லாம் இருக்கும். திறந்தது. இரண்டு இடத்தில் வரி கீழே இறங்கியிருந்தது. சரி செய்தேன். அச்சுக்குக் கொடுக்க பிடிஎஃப், மற்றவர் திருத்த வேண்டுமானால் டாக்எக்ஸ் என்று வைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் வேர்டிலேயே தினமும் திருத்தி அனுப்புகிறார் என்றால் இந்தச் சிக்கனம் வேண்டாம், காசு கொடுத்து வேர்டையே வாங்குங்கள்.

‘500 ரூபா கொடுங்க, எல்லாம் ஏத்தித் தரேன்’ என்று யாராவது சொன்னால், அது பூட்டை உடைத்து ஏற்றுவது. உடைத்தவன் உள்ளே வேறு எதை வைத்தான் என்று நமக்குத் தெரியாது. வங்கிக் கணக்கு பார்க்கிற மிஷினில் அது வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கிற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், தனியாக ஆன்டிவைரஸ் வாங்க நான் காசு கொடுப்பதில்லை.

புது விண்டோஸில் கணக்கு தொடங்கும்போது ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) காப்பு வேண்டுமா என்று கேட்கிற பக்கத்தை நின்று படியுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். டெஸ்க்டாப்பும் போட்டோவும் அதில் ஏறத் தொடங்கினால் சில நாளில் ‘இடம் நிறைந்தது’ என்று வரும். வேண்டாம் என்றால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த நாள்

மாற்றுகிற நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்க வேண்டாம், பேப்பர் பார்த்துக் குறியுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் வந்திருந்தால் அன்றைக்குத் தொடாதீர்கள். யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். முகூர்த்த சீசனில் வேண்டவே வேண்டாம். நான் மார்கழியில் செய்தேன். கல்யாணம் கிடையாது, கோயில் நோட்டீஸ் மட்டும்தான்.

விண்டோஸ் 11-க்கு ஏறியவர்களுக்கு 10 நாள் அவகாசம் உண்டு. பிடிக்கவில்லையென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போய்ப் பழையதற்குத் திரும்பலாம். அந்த 10 நாளுக்குள் நோட்டில் இருக்கிற எல்லா வரியையும் ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். ‘இடம் போதவில்லை’ என்று கிளீனிங் மென்பொருளை ஓட்டாதீர்கள், திரும்புவதற்கான ஃபைல்களையும் அது துடைத்துவிடும். தம்பி மகன் ஒன்பதாம் நாள்தான் பில் பிரிண்டர் ஓடவில்லை என்று கண்டுபிடித்தான். டிரைவரை மாற்றிப் போட்டதும் ஓடியது. பதினோராம் நாள் என்றால் திரும்புகிற வழியும் கிடையாது.

என் நோட்டில் 31 வரியில் 29-க்கு டிக் போட்டாயிற்று. ஸ்கேன் ஒன்று பாக்கி. 2011 கோயில் ரசீதுப் புத்தகம் இன்னும் பாமினியில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். போன வாரம் அந்தக் கடைத் தம்பி போன் செய்தார். “டீச்சர், ஒருத்தருக்கு ஃபார்மேட் அடிச்சேன், தமிழெல்லாம் இங்கிலீஷா வருதுன்னு சண்டை போடறார். உங்ககிட்ட பாமினி இருக்கா?” பென்டிரைவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.